ஏழு மணி ஜெபமாலை

வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டது நான். நடந்தே வருகிறேன் தாயே என்று வாய்விட்டுச் சொன்னதும் நான்தான். அதனால் 2024 செப்டம்பர் 2, திங்கட்கிழமை, விடியக் காலை நாலு மணிக்குக் கும்பகோணம் அலங்கார அன்னை பேராலய வாசலில் காவிப் புடவை கட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலுமாகப் பதினாறு பேர். ஒரு தள்ளுவண்டியில் மாதா சுரூபம், சீரியல் விளக்கு, ஸ்பீக்கர். கூட்டத்தில் மூத்தவர் "மரியே..." என்று குரல் கொடுக்க, "வாழ்க!" என்றபடி கிளம்பிவிட்டோம். எனக்கு 52 வயது, முழங்கால் தேய்மானம் வேறு. "பஸ்ஸுல போனா மாதா வேண்டாம்னா சொல்லப் போகுது?" என்று தம்பி கேட்டான். சொல்லாதுதான். ஆனாலும் கொடுத்த வார்த்தை என்று ஒன்று இருக்கிறதே.

அம்மாவுக்கு 2023 நவம்பரில் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே காலையில் போய்விட்டன. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. கையும் காலும் பயிற்சியில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், பேச்சைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். வீட்டுக்கு வந்தபோது அம்மாவிடம் மிச்சம் இருந்தது "அது... அது..." என்ற ஒரு சொல்தான். தண்ணீர் வேண்டும் என்றாலும் அது, வலிக்கிறது என்றாலும் அது. எனக்குப் புரியாதபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அம்மாவின் ஜெபமாலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ராத்திரி ஏழு மணி என்றால் எங்கள் வீட்டில் ஜெபமாலை. அப்பா வயலிலிருந்து வந்திருந்தாலும் வராவிட்டாலும், விருந்தாளி உட்கார்ந்திருந்தாலும், கரண்ட் இல்லாவிட்டாலும் ஏழு என்றால் ஏழு. காய்ச்சலில் எழுந்திருக்க முடியாத நாளில் படுத்தபடியே மாலையில் ஒரு பத்து மணியாவது உருட்டிவிடுவார். "மனசு வரலன்னா பரவால்ல, வாய் சொல்லட்டும். மனசு பின்னாடியே வந்துரும்" என்பார். அவர் மாலை கறுப்பு மர மணி. பத்துப் பத்து மணியாக வரும் ஐந்தில், மூன்றாம் பத்தில் ஒரு மணி எப்போதோ உடைந்துபோய், அந்த இடத்தில் அப்பாவின் வெள்ளைச் சட்டைப் பொத்தான் ஒன்றைக் கோத்திருந்தார். அப்பா போன பிறகு அந்தப் பொத்தானுக்கு வரும்போது மட்டும் கட்டைவிரல் கொஞ்ச நேரம் நிற்கும். பத்து வயதில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கினதிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை என்பார். ஒரு ஜெபமாலைக்கு, மாதாவை வாழ்த்தும் மங்கள வார்த்தை செபம் 53. வருடத்துக்கு 19,345. ஆஸ்பத்திரி வராந்தாவில் தூக்கம் வராமல் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபது வருடத்துக்குப் பதினொரு லட்சத்துக்கும் மேல் வருகிறது.

நான் விட்டுவிட்டேன். கல்யாணமாகி வந்த புதிதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் பையனுக்கு டியூஷன், வேலை, டிவி என்று ஏழு மணியை வேறு எல்லாம் எடுத்துக்கொண்டது. தவக்காலம் வந்தால் மறுபடி தொடங்குவேன், உயிர்ப்புப் பெருவிழாவோடு நின்றுவிடும். காலையில் பைபிள் ஒரு அதிகாரம் என்று நோட்டுப் போட்டு எழுதியதும் உண்டு. மூன்றாவது புத்தகமான லேவியர் ஆகமத்தைத் தாண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிட்டதில்லை, அது போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது போதவில்லை என்பது அம்மா படுத்த பிறகுதான் தெரிந்தது. ஆண்டவரிடம் கேட்கவேண்டிய நேரத்தில் எனக்கு வார்த்தையே வரவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம், ஒரு சாயங்காலம். அம்மா கடிகாரத்தைப் பார்த்து "அது... அது" என்று இடது கையைத் தலையணைக்கு அடியில் விட்டுத் துழாவினார். மணி ஏழு. மாலையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லும் பழைய வாசகத்திலேயே தொடங்கினேன். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே..." என் பாதியை முடித்துவிட்டு, அவர் பாதியையும் நானே சொல்ல மூச்சை இழுத்தேன்.

"அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே..."

அம்மாவின் குரல்! குழறல்தான், ஆனால் ஒரு சொல் விடாமல் 'மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும், ஆமென்' வரைக்கும் வந்தது. என் பெயரைச் சொல்ல வராத வாய் அது. 53 முறையும் சொல்லி முடித்தார். நான்தான் நடுவில் நடுவில் அழுகையில் நின்றேன். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம் சொன்னபோது, பேச்சு அடிபட்டாலும் காலமெல்லாம் சொல்லிப் பழகின செபமும் பாட்டும் எண்ணிக்கையும் சிலருக்கு மிஞ்சும், அதைப் பிடித்துக்கொண்டே மற்ற சொல்லையும் இழுக்கப் பார்க்கலாம் என்றார். இருக்கட்டும். அம்மாவுக்குள் அந்தப் பதினொரு லட்சத்தையும் ஒவ்வொரு ராத்திரியாகச் சேர்த்துவைக்கத் தெம்பு கொடுத்தது யார்? அன்றைக்கு ராத்திரியே நேர்ந்துகொண்டேன். அன்றைக்கு ஆரம்பித்த ஏழு மணி இதுவரை ஒரு நாளும் நிற்கவில்லை.

சரி, நடைக்கு வருகிறேன். குடவாசல், திருவாரூர், கீழ்வேளூர், நாகப்பட்டினம் என்று போகும் வழி, 75 கிலோமீட்டருக்குக் குறையாது. ஜூன் 12-இல் திறக்கவேண்டிய மேட்டூர் அந்த வருடம் ஜூலைக் கடைசியில்தான் திறந்தது. அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது இருட்டில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதே பெரிய ஆறுதல். நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறைகள் திறக்கும் நேரத்துக்குத் தாண்டினோம். மோட்டார் வைத்துப் பிழைத்த குறுவையை அறுத்து ரோட்டிலேயே காயப்போட்டிருந்தார்கள். நெல்லை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கினால் கருவேல முள். ஒரு ஜெபமாலை முடிய ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் ஆகிறது என்று முதல் நாளே கண்டுகொண்டோம். அதற்கப்புறம் ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் கேட்கவில்லை, இன்னும் எத்தனை ஜெபமாலை என்றுதான் கேட்டோம். ஏழு மணியானால் தம்பி வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைப்பேன். அம்மா அங்கேயிருந்து சொல்ல, பதினாறு பேரும் இங்கே பதில் சொல்லிக்கொண்டு நடந்தோம்.

மூன்றாம் நாள்தான் என்னை உடைத்தது. கீழ்வேளூர் தாண்டினதும் இடது பாதத்தில் கொப்புளம் வெடித்துவிட்டது. உச்சி வெயில், தார் ரோடு, காலை ஊன்ற முடியவில்லை. சிக்கலில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வரும் வேனில் ஏறிக்கொள் என்றார்கள் எல்லாரும். அந்த வீட்டு ஆச்சி, நெற்றி நிறையத் திருநீறு, ஒரு செம்பு மோரைக் கொண்டுவந்து நீட்டி, "குடி ஆயி. உங்க மாதாகிட்ட எனக்கும் ஒரு வார்த்தை சொல்லு" என்றார். மோர் என்றதும் எனக்கு வேளாங்கண்ணி நடுத்திட்டில் மாதா காட்சி கொடுத்த கதைதான் நினைவுக்கு வந்தது. மோர் விற்ற நொண்டிப் பையனை எழுந்து நடக்கச் சொன்ன தாயல்லவா! காலில் துணியைச் சுற்றிக்கொண்டு எழுந்துவிட்டேன். அந்த ஆச்சிக்காக இப்போதும் தினமும் ஜெபமாலையில் ஒரு மணி சொல்கிறேன்.

புதன் ராத்திரி வேளாங்கண்ணி. திருவிழா நாளென்றால் கூட்டம் வரத்தான் வரும், அதில் குறையில்லை. குறையெல்லாம் வேறு. மண்ணில் முட்டிபோட்டு வருகிறவர்களின் முன்னாலேயே வந்து நின்று "ரூம் வேணுமா, ரூம் வேணுமா" என்கிறார்கள். மெழுகுதிரி, தேங்காய், பூ வைத்த தட்டைக் கையில் திணித்துவிட்டு அப்புறம்தான் விலை சொல்கிறார்கள். போனில் ஒரு வாடகை பேசின லாட்ஜில் நேரில் அதைப்போல இரண்டு மடங்கு கேட்டார்கள். மூன்று நாள் நடந்து, கால் வீங்கி வருகிற சனத்திடம் இப்படிச் செய்யலாமா? மனது கசந்துபோய்த்தான் படுத்தேன்.

வியாழன் விடியலில் தம்பி அம்மாவைக் காரில் கூட்டிவந்தான். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரிசையில் போனோம். மாதாவிடம் சொல்ல நான் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். பையனுக்கு வேலை, தம்பி மகளுக்கு வரன், சிக்கல் ஆச்சி, என் முழங்கால், எல்லாம். பீடத்துக்கு நேராக வந்து நிமிர்ந்து பார்த்தேன். பட்டுப் புடவை, கிரீடம், கையில் பாலன். அவ்வளவுதான். பட்டியல் போய்விட்டது. தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு சொல், ஒரே ஒரு சொல் வரவில்லை. "நகருங்க, நகருங்க" என்று பின்னால் தொண்டர் குரல் கொடுக்கிறார். நான் நாற்காலியின் பிடியைப் பிடித்தபடி நிற்கிறேன்.

அப்போது கீழேயிருந்து வந்தது. "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க..."

அதுவரை அம்மா அந்த முதல் பாதியைத் தானாகத் தொடங்கினதில்லை. போனில்கூட முதல் வரியை நான் எடுத்துக் கொடுத்தால்தான் பிடித்துக்கொள்வார். இப்போது எடுத்துக் கொடுக்க என்னிடம் குரல் இல்லை. அம்மா தானே தொடங்கி, 'இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே' என்று நிறுத்தி, எனக்காகக் காத்திருந்தார். சின்ன வயதில் பாயில் உட்கார்ந்து தூங்கி விழும்போது என் பதிலுக்குக் காத்திருப்பாரே, அப்படி. "அர்ச்சிஷ்ட மரியாயே" என்றேன். வந்துவிட்டது. பின்னால் தள்ளிக்கொண்டிருந்த அந்தத் தொண்டர் கையை நீட்டிக் கூட்டத்தை நிறுத்திவைத்தார். எத்தனை நேரம் என்று தெரியாது. மாலையில் ஒரு பத்து மணி முழுசும் சொன்னோம். அந்தத் தொண்டரும் கூடச் சொன்னார். தாயே, உனக்கு நான் என்ன செய்யப்போகிறேன்! கேட்க வந்ததைக் கேட்கவிடாமல், கேட்காததைக் கொடுத்தாயே! நன்றி, நன்றி, கோடி நன்றி.

வெளியே வந்து மெழுகுதிரி ஏற்றினது, மாதா குளத்துக்குப் போனது, கடற்கரையில் அம்மா காலில் அலை பட்டதும் சிரித்தது, எதையும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் காரிலேயே திரும்பினோம். திருவாரூர் தாண்டும்போது மணி ஏழு. தம்பி பாட்டை நிறுத்தினான். ஜெபமாலையில் கிழமைக்குத் தக்கபடி ஒரு தியானம் உண்டு. வியாழக்கிழமையாயிற்றே என்று "ஒளியின் மறைபொருள்" என்று ஆரம்பித்தேன். அம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். அது 2002-இல் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் சேர்த்தது, அம்மா படித்த காலத்தில் வியாழன் என்றால் சந்தோஷ தேவ ரகசியம்தான். "சந்தோஷமா அம்மா?" என்றேன்.

"சந்தோஷம்" என்றார்.

செபத்துக்கு வெளியே அம்மா வாயில் முழுசாக வந்த சொல் அது. மூன்றாம் பத்தில் பொத்தான் வந்ததும் கட்டைவிரல் நின்றது. அவர் நகர்த்தும் வரைக்கும் நாங்களும் காத்திருந்தோம்.