இடது வளைவில் சிவப்பு, வலது வளைவில் மஞ்சள்

நேற்றோடு பதினொரு நாள். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே ஒன்பது தடவை போய் வந்துவிட்டேன். கார் டாஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கும் கண் சிமிட்டவில்லை. இரண்டு மாதம் என் தூக்கத்தைக் கெடுத்த விவகாரம் என்பதால் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது.

கார் 2014ஆம் ஆண்டுத் தயாரிப்பு, ஜப்பானில் இருந்து வந்த சின்ன வாகனம். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்கே தெரியும். அதனால் கொழும்புக்குப் போய்ப் பொறுமையாகத் தேடித்தான் வாங்கினேன். திறப்பைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரிந்து அணைகின்றனவா என்றும் பார்த்தேன், ஏனென்றால் பல்பைக் கழற்றிவிட்டு விற்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. எல்லாம் ஒழுங்காக எரிந்தன, ஒழுங்காக அணைந்தன. அரை நாள் ஓட்டியும் குறை தெரியவில்லை. தெரியாதுதான். கொழும்பில் கொண்டை ஊசி வளைவு எங்கே இருக்கிறது?

வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள் காலை, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. தலவாக்கலை தாண்டியதும் சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்துகொண்டது. மாலையில் இரண்டும் இல்லை. மறுநாள் ஒன்று மட்டும். அதற்கடுத்த நாள் ஒன்றுமே இல்லை.

பழியை முதலில் பனிமூட்டத்தின் மேல் போட்டேன். காலையில் கொட்டகலைப் பக்கம் முன்னால் போகும் பஸ்ஸே தெரியாது; அந்த ஈரம் ஏதோ இணைப்புக்குள் இறங்கியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, கைக்கு எட்டிய கனெக்டர்களை எல்லாம் கழற்றித் துடைத்தேன். பெட்டரி முனைகளைச் சுரண்டினேன். காலைக் குளிரில் பெட்டரி 12.4 வோல்ட், ஸ்டார்ட் செய்யும்போது 10.6. குறை சொல்ல முடியாது. டவுனில் ஒரு கராஜில் காட்டியபோது, பொனட்டைக்கூடத் திறக்காமல், "ஏ.பி.எஸ். யூனிட் போய்விட்டது சேர், மாற்ற வேண்டியதுதான்" என்றார்கள். சொன்ன விலையில் ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கலாம். தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்து, காரின் கணினியில் பதிந்த பிழைகளைக் கைபேசியில் காட்டும் அந்த நீல நிற ஈ.எல்.எம். 327 புளூடூத் கருவி. பிழை எதுவும் இல்லை என்று சத்தியம் செய்தது. பிறகுதான் உறைத்தது: மலிவான கருவியும் இலவசச் செயலியும் பெரும்பாலும் எஞ்சின் பக்கத்தை மட்டுமே படிக்கும், ஏ.பி.எஸ். கணினியோடு பேச அந்தந்தத் தயாரிப்பாளரின் மொழி தெரிந்த ஸ்கேனர் வேண்டும். கொட்டகலையில் வான் ஓட்டும் நண்பரிடம் ஒன்று இருந்தது. இரண்டு நாளில் திருப்பித் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். மூன்று வாரமாகியும் கொடுக்கவில்லை.

ஆனால் முடிச்சை முதலில் அவிழ்த்தது ஸ்கேனர் இல்லை, ஒரு பழைய அப்பியாசக் கொப்பி. விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் இடத்தையும் வளைவின் பக்கத்தையும் வண்டியை நிறுத்திக் குறித்தேன். பத்து நாள் பக்கங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது முகத்தில் அறைந்தது போல இருந்தது. சிவப்பு விளக்கு இடப்பக்க இறக்க வளைவுகளில் மட்டும் வருகிறது, நேர்ப்பாதைக்கு வந்ததும் தானாக அணைகிறது. மஞ்சள் விளக்கு எங்கள் தோட்டப் பாதையின் வலப்பக்கக் கொண்டை ஊசியில் வருகிறது; வந்தால் எஞ்சினை நிறுத்தும்வரை போகாது. அது ஒரு கோளாறே இல்லை. இரண்டு கோளாறுகள் ஒன்றாக நடித்துக்கொண்டிருந்தன. இரண்டும் காலையிலேயே தலைகாட்டியதால் பனிமூட்டம் அநியாயமாக மாட்டிக்கொண்டது.

சிவப்பு விளக்கு ஐந்து நிமிட வேலை. பிரேக் ஒயில் குறைந்தபட்சக் கோட்டை ஒட்டி நின்றது. வண்டி வளைவில் சாயும்போது ஒயில் ஒரு பக்கமாக ஒதுங்க, உள்ளே இருக்கும் மிதவை இறங்கி விளக்கைப் போட்டுவிடுகிறது. உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். கசிவு இல்லை என்றால் ஒயில் குறைவதற்குப் பெரும்பாலும் பேட், அதாவது சக்கரத்தின் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை, தேய்வதுதான் காரணம். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் முன் பேட்களில் மூன்று மில்லிமீற்றர்தான் மிச்சம். அதைப் பார்த்த பிறகுதான், பேட் மாற்றும்வரை தாங்க, கொஞ்சம் ஒயில் ஊற்றினேன்.

மஞ்சள்தான் என்னைப் பிழிந்தெடுத்தது. முதலில் மல்டிமீற்றரை வைத்து, சக்கரம் சுற்றும் வேகத்தை ஏ.பி.எஸ். கணினிக்குச் சொல்லும் சென்சரின் மின்தடையை ஓம் கணக்கில் அளந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன். என் காரில் இருப்பது மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை; அதில் ஓம் அளப்பதால் ஒரு பயனும் இல்லை. பிறகு முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்கேனரில் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் திறந்து வைத்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி இடது முன் சக்கரத்தைக் கையால் சுற்றினான். அந்தச் சக்கரத்தின் வேகம் மணிக்கு 3, 4, 4, 3 கிலோமீற்றர் என்று மாறி மாறி வந்தது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுதாகத் திருப்பினேன். 4, 3. வலப்பக்கம் முழுதாகத் திருப்பினேன். 0.

"அண்ணே, நான் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றான். மறுபடி நேராக்கினேன், 4 வந்தது. ஏழெட்டு முறை செய்து பார்த்தோம். அவனுக்குக் கை வலித்தது, எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வயர் வெளியே பார்ப்பதற்குப் புதிதுபோல இருந்தது. அங்குலம் அங்குலமாக விரலால் இழுத்துக்கொண்டே போனேன். ஷொக் எப்சோபருக்கும் காரின் பொடிக்கும் (உடற்பகுதிக்கும்) நடுவே ஓரிடத்தில் மட்டும் அது இறப்பர் வளையம்போல நீண்டது. உள்ளே செம்பு அறுந்துவிட்டது, மேலுறை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. காரணம் கண்ணெதிரே இருந்தது: வயரை ஷொக் எப்சோபரோடு பிடிக்கும் கிளிப்பில் போல்ட்டே இல்லை. முன்பு எப்போதோ ஷொக் எப்சோபரை மாற்றிய புண்ணியவான் போல்ட்டைத் திருப்பிப் பூட்டவில்லை. தளர்ந்த வயர் ஒவ்வொரு வலது வளைவிலும் இழுபட்டு இழுபட்டு இற்றுப்போயிருக்கிறது.

அந்த இடத்திலேயே வெட்டி ஈயம் வைத்து ஒட்டினேன். நான்கு நாள் தாங்கியது. அசையும் வயரில் ஈயம் வைக்கவே கூடாது. ஈயம் இழைகளுக்குள் ஊறி விறைத்துவிடும், அதன் ஓரத்திலேயே மறுபடி முறியும். இரண்டாம் முறை அசையும் பகுதியை முழுவதுமாக வெட்டி எறிந்து, மென்மையான இரட்டை வயரை முறுக்கிப் போட்டேன். ஒரு இணைப்பு பொடிக்கு உள்ளே, மற்றது ஷொக் எப்சோபரின் மேல் இறுகக் கட்டியது. இரண்டும் கிரிம்ப் செய்து, அதாவது உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டவை. நடுவில் வளைவதற்குத் தாராளமாகத் தளர்வு. இரண்டு வயரும் இடம் மாறக்கூடாது என்பதால் வெட்டும் முன்பே நகப்பூச்சால் அடையாளம் வைத்தேன். நகப்பூச்சு மனைவியுடையது, அதற்கான விசாரணை தனி.

சென்சரைக் கழற்றவே இல்லை. துருவில் இறுகிப்போன அதைத் தட்டினால் பிளாஸ்டிக் உடையும், பிறகு உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் பஸ் ஏற வேண்டும். ஆனாலும் அங்கே போகத்தான் போகிறேன், பேட் வாங்க. இங்கே கேட்ட கடையில் பெட்டி ஒரு பெயரிலும் உள்ளே இருந்தது வேறு பெயரிலும் இருந்தது.

ஏப்ரல் விடுமுறைக் கூட்டம் நுவரெலியாவுக்கு ஏறும் முன் பேட் மாற்றி, பிரேக் ஒயிலையும் முழுதாக மாற்ற வேண்டும். இப்போதிருப்பது தேயிலைச் சாயம்போலக் கறுத்திருக்கிறது. டொட் 3 வகை பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பிறகு 140 வரை இறங்கலாம். கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடி போகிற எனக்கு அந்த வித்தியாசம் பெரிது. இதற்கிடையில் முன் விளக்குக் கண்ணாடி மஞ்சள் பூத்திருப்பதைப் பார்த்து மெருகுப் பசைக்கும் சொல்லிவைத்துவிட்டேன்.

கிளிப்புக்கான போல்ட் இன்னும் கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் பட்டியால்தான் கட்டி வைத்திருக்கிறேன்.