விற்குதே சார், அப்புறம் என்ன?

தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி மனப்பாடம். ஏதோ ஒரு மாடலில் மோட்டார் சூடாகிறது, பேரிங் சத்தம் போடுகிறது என்று மாதாந்திரக் கூட்டத்தில் ஆரம்பித்தால், உடனே விற்பனை வரைபடம் திரையில் வந்துவிடும். கோடு மேலே ஏறியிருக்கும். விற்கிறதென்றால் தரமும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். பேச்சு முடிந்தது.

அந்தக் கோடு பெரும்பாலும் பிரைமரி சேல்ஸ், அதாவது கம்பெனி விநியோகஸ்தருக்கு பில் போட்ட கணக்கு. மாதக் கடைசியில் டார்கெட்டை எட்டுவதற்காக ஸ்கீம் கொடுத்து, கடனுக்குக் கூடுதல் நாள் கொடுத்து, சரக்கைத் தள்ளிவிடுவார்கள். அது குடோனில் தூங்கினாலும் விற்றதாகத்தான் எழுதப்படும். இன்னும் யாரும் சுவிட்ச் போட்டே பார்க்காத பொருளுக்கு அது என்ன சான்று?

மாதாமாதம் வாங்கும் சோப்பு என்றால் பரவாயில்லை. பிடிக்காவிட்டால் அடுத்த முறை வாங்கமாட்டார்கள். வருடக்கணக்கில் ஓட வேண்டிய சாதனம் அப்படியல்ல. இன்றைய விற்பனை, முன்பு செய்த நல்ல பொருள் சம்பாதித்த பெயரால் வருவது. இன்று மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பியின் கனத்தைக் குறைத்தால் இந்தக் காலாண்டில் ஒன்றும் தெரியாது, லாபம்தான் கூடும். பழுது அதிகமானால் உதிரி பாக விற்பனையும் ஏறும். அதையும் வளர்ச்சிக் கணக்கில் சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்!

2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 சந்தைக்கு வந்தபோது நல்ல வரவேற்பு. பேட்டரி தீப்பிடித்ததால், இரண்டே வாரத்தில் சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. விற்பனை எண்ணிக்கை எந்த எச்சரிக்கையும் தரவில்லை.

ஆனால் எங்கள் பிரிவுக்கும் ஒரு கர்வம் உண்டு. அந்தக் காலத்து வீடியோ கேசட்டில் பீட்டாமேக்ஸ், வி.எச்.எஸ். என்று போட்டி போட்ட இரண்டு வகை உண்டு. பீட்டாமேக்ஸ் வீடியோவின் படம் துல்லியமானது, ஆனாலும் வி.எச்.எஸ்.தான் ஜெயித்தது, ஜனங்களுக்கு ரசனை இல்லை என்று இன்றும் பேசுவோம். ஆரம்பகால பீட்டாமேக்ஸ் கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பதிய முடியும், வி.எச்.எஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஒரு முழுப் படத்தைப் பதிய நினைத்தவருக்கு அந்த நீளமும் தரம்தானே? நம் சோதனைப் பட்டியலில் இல்லாத ஒன்றை விற்பனை சில சமயம் காட்டிவிடுகிறது.

அதனால் நான் விற்பனைக் கணக்கை ஒதுக்கச் சொல்வதில்லை. கூடவே இன்னொரு தாள் வேண்டும் என்கிறேன்: எந்த மாதம் தயாரானது, அதில் எத்தனை சர்வீஸுக்குத் திரும்பி வந்தது, எத்தனை மாதம் ஓடிய பிறகு வந்தது. சர்வீஸ் சென்டரில் அந்த விவரம் எல்லாம் இருக்கிறது. கூட்டத்துக்கு அவர்களைத்தான் யாரும் கூப்பிடுவதில்லை.