ஓடையில் விட்ட பதிவு எத்தனை நாள் தங்கும்?

மாரி மழையில் மட்டக்களப்பில் "வாகரைப் பக்கம் வீதி மூடல்" என்று ஓர் அறிவித்தல் போட்டால் அதன் ஆயுள் அரைநாள்தான். தளத்திலிருந்து அதைத் தூக்கிவிடலாம். ஆனால் செய்தியோடை (தளத்தின் புதிய பதிவுகளைப் பட்டியலிட்டுத் தரும் கோப்பு) வழியாக வாசிப்பானுக்குள் (ஓடைகளை எடுத்துச் சேர்த்துக் காட்டும் செயலி) போன பிரதி அங்கேயே கிடக்கும், வெள்ளம் வடிந்த பிறகும் வாசிக்காதவை வரிசையில் நிற்கும்.

ஆர்எஸ்எஸ் 2.0 என்ற ஓடை வடிவத்தின் டிடிஎல் (ttl) என்ற இடத்தில் 60 போட்டால் ஒரு மணித்தியாலத்தில் பதிவு அழியும் என்று நம்புபவர்கள் நிறையப் பேர். அது ஓடையை மறுபடி எடுக்கும்வரை பொறுக்கவேண்டிய நிமிடக் கணக்கு மட்டுமே. நீக்கிய பதிவை அறிவிக்க அடொம் என்ற இன்னோர் ஓடை வடிவத்துக்கு 2012இல் ஆர்எஃப்சி 6721 என்ற இணையத் தர ஆவணம் வந்தது. நல்ல ஏற்பாடு, மதிக்கும் வாசிப்பான்தான் அரிது. எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பது வாசிப்பான் பக்கத்து முடிவு. மினிஃப்ளக்ஸ் என்ற வாசிப்பான் இயல்பில் வாசித்ததை 60 நாளிலும் வாசிக்காததை 180 நாளிலும் ஒதுக்கும், நட்சத்திரமிட்டதைத் தொடாது.

ஆகவே அழிக்காதீர்கள், மேலெழுதுங்கள். தலைப்பை "காலாவதி: வாகரை வீதி திறந்தாயிற்று" என்று மாற்றி, உள்ளே ஒரு வரி மட்டும் விடுங்கள். பதிவின் ஜியூஐடி (ஓடையில் அதற்குரிய தனி அடையாளம்) மாறாததால் பல வாசிப்பான்கள் பழைய பிரதியின் மேலேயே புதியதை வைக்கும். அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் ஜியூஐடியும் புதிது. பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

இதில் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் ஓடையில் இயல்பாகக் கடைசி 10 பதிவுகள்தான் இருக்கும், அதுவும் வெளியிட்ட நேர வரிசையில். வெள்ள நாளில் பத்துப் பதிவு மத்தியானத்துக்குள் போய்விடும். திருத்தவேண்டியது ஓடையை விட்டு விழுந்துவிட்டால் திருத்தம் யாரிடமும் போகாது. வேர்ட்பிரஸின் வாசிப்பு அமைப்புகள் (Settings > Reading) பக்கத்தில் அந்த 10ஐ 40 ஆக்குங்கள். ஓடைக்கு முன்னால் இடைமாற்று (பழைய பிரதியைச் சேமித்துத் தரும் cache) இருந்தால் திருத்தியவுடன் அதையும் காலிசெய்யவேண்டும்.

பதிவிலுள்ள தொலைபேசி இலக்கங்கள் வாசிப்பானுக்குள் போய்த் தங்காதிருக்க வேறு வழி. அதே அமைப்புப் பக்கத்தில் முழு உரைக்குப் பதில் சுருக்கத்தைத் தெரியுங்கள். தானாக எடுக்கும் சுருக்கம் முதல் 55 சொற்கள். இலக்கம் முதல் வரியிலேயே இருந்தால் அதுவும் கூடவே போய்விடும். சுருக்கத்தை நீங்களே எழுதுவது நல்லது. பக்கத்துக்கே போய் முழு உரையை இழுக்கும் வாசிப்பான்களிடம் இதுவும் எடுபடாது.

மாரிக்கென்று தனி ஓடை திறந்திருந்தால், முடிந்ததும் அந்த முகவரிக்கு 404 (காணவில்லை) என்ற பதிற்குறி அல்ல, 410 (நிரந்தரமாக நீக்கியாயிற்று) கொடுங்கள். அதைப் புரிந்த வாசிப்பான்கள் கேட்பதை நிறுத்திவிடும். சேமித்தவை மட்டும் அவரவர் கணக்கில் இருக்கும். அதனால் 410 போடுமுன் எல்லாப் பதிவையும் மேலெழுதி, இரண்டு மூன்று நாள் ஓடையைத் திறந்தே விடுங்கள்.