ரெண்டு டிவிஷன், ரெண்டு வீடு, ஒரு நாடகம்

ரோமியோ ஜூலியட்னு சொன்னாலே எல்லாருக்கும் பால்கனி சீன்தான் ஞாபகம் வரும், ஆனா பாலக்காட்டு மாவட்டத்து கொழிஞ்சாம்பாறைல நம்ம கூடப் படிச்சவங்கள யாரக் கேட்டாலும் மொதல்ல சொல்றது வேலைக்காரங்க தெருவுல வம்புக்கு நிக்கற சீனத்தான். ஏன்னா மாஷ், அதான் நம்ம வாத்தியார், நாடகத்த எங்களுக்கு ஆரம்பிச்சு வச்சதே அப்படித்தான். தமிழ் டிவிஷனுக்கும் மலையாளம் டிவிஷனுக்கும் அவரே இங்கிலீஷ் எடுத்தார், ரெண்டு கிளாஸ்லயும் ஒரே கேள்வி: "இந்த ரெண்டு குடும்பத்துக்கும் என்னடா சண்டை?"

புக்கப் பொரட்டிப் பொரட்டிப் பாத்தோம், இல்ல. பழைய பகைன்னு ஆரம்பப் பாட்டுல வருது, அவ்வளவுதான், என்ன பகைன்னு ஷேக்ஸ்பியர் கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. முதலாளிங்களுக்குள்ள சண்டை அதனால நமக்கும் சண்டைன்னு வேலைக்காரன் சொல்றான், ஜூலியட்டோட சொந்தக்காரன் டிபால்ட் வந்து சமாதானம்ங்கற வார்த்தையே எனக்கு நரகம் மாதிரின்னு கத்தறான். வெறுப்புக்கு அங்க காரணமே தேவைப்படல, பட்டப்பகல்ல நடுத்தெருவுல கத்தியோட நடக்குது. காதல்தான் ராத்திரியில சுவர் ஏறிக் குதிச்சு, பாதிரியார் ரூம்ல யாருக்கும் தெரியாம கல்யாணம் பண்ணி, ஒளிஞ்சு ஒளிஞ்சு வாழ வேண்டியிருக்கு.

எனக்கு இன்னிக்கும் நெஞ்சடைக்கற எடம் கல்லறை இல்லீங்க, மூணாவது அங்கம் மொத சீன். கல்யாணம் முடிஞ்ச கையோட ரோமியோ வர்றான், டிபால்ட் அவன அயோக்கியன்னு கூப்பிடறான், இவனோ உன்மேல அன்பு வைக்க எனக்கு ஒரு காரணம் இருக்கு, அது உனக்குத் தெரியாதுங்கறான். வாயத் தொறந்து அந்தக் காரணத்தச் சொல்ல முடியல பாருங்க. அதக் கோழைத்தனம்னு நெனச்சு ரோமியோவோட நண்பன் மெர்குஷியோ கத்திய உருவறான், ரோமியோ வெலக்கிவிடக் குறுக்க போறான், அவன் கைக்குக் கீழ நுழைஞ்சுதான் டிபால்ட்டோட கத்தி நண்பன் மேல பாயுது. ரெண்டு வீடும் நாசமாப் போகட்டும்னு சபிச்சுட்டு மெர்குஷியோ செத்துப்போயிடறான். கொஞ்ச நேரத்துல ரோமியோவே, ஜூலியட் அழகு என்னக் கோழையாக்கிடுச்சுன்னு சொல்லிட்டு டிபால்ட்டக் கொன்னுடறான். கடைசியில ஜூலியட் சாகல, மருந்து குடிச்சுத் தூங்கறாங்கற கடுதாசி ரோமியோவுக்குப் போய்ச் சேராதது, கொள்ளைநோய்க்குப் பயந்து அத எடுத்துட்டுப் போன இன்னொரு பாதிரியார ஒரு வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டினதால, அது விதின்னு விட்டுடலாம். இத அப்படி விட முடியாது, அன்பு நெறஞ்ச மனசுக்குள்ளயே வெறுப்பு எவ்வளவு சுளுவா பூந்துடுதுன்னு இங்கதான் தெரியுது.

ஆண்டு விழாவுக்கு மாஷ் ஒரு காரியம் பண்ணார், ரோமியோவோட மான்டேகு வீட்ட மலையாளம் டிவிஷனுக்கும் ஜூலியட்டோட காப்புலெட் வீட்ட தமிழ் டிவிஷனுக்கும் குடுத்து, அவங்கவங்க பாஷையிலயே வசனம் பேசச் சொன்னார். வேண்டாம் மாஷே, ஊர்ல வம்பாயிடும்னு சிலபேர் சொன்னாங்க. அவர் கேக்கல, கொங்கன் படைய நீங்க பாத்ததே இல்லையான்னு கேட்டார். வெளியூர்ல பொறந்த பிள்ளைங்களுக்காகச் சொல்றேன், நம்ம பாலக்காட்டுச் சித்தூர் பகவதி கோயில்ல நடக்கற திருவிழா அது, கொங்குநாட்டு ராஜா படையெடுத்து வந்து தோத்துப்போன கதைய ஊரே சேந்து நடிச்சுக் காட்டும், தோக்கறவன் நம்ம பக்கத்து ஆளுன்னாலும் நாமளும் மலையாளத்துப் பசங்களோட தோள்மேல கை போட்டுட்டுத்தான் அதப் பாத்து வளந்தோம். ஒரு காலத்துப் பகை அங்க திருவிழாவா ஆயிடுச்சு. நாடகம் நடக்கற வெரோனா ஊருக்கு அந்தக் குடுப்பினை இல்ல.

நாடகம் நல்லா நடந்துச்சு, மெர்குஷியோ சாபம் போட்டப்ப ரெண்டு பாஷைக்காரங்களும் சேந்தே அழுதாங்க. ஒரு எடத்துல மட்டும் எனக்கு மாஷோட இப்பவும் ஒத்துப்போகல. பிள்ளைங்க செத்தப்புறம் அப்பாக்கள் கை குலுக்கறத அவர் அன்போட வெற்றின்னு சொல்லுவார். காப்புலெட் அந்தக் கையையே பொண்ணுக்கு வர்ற சீதனம்னு கேக்கறார், மான்டேகு அதுக்கும் மேல தரேன்னு ஜூலியட்டுக்குத் தங்கத்துல சிலை வைக்கறேங்கறார், ஒடனே காப்புலெட் ரோமியோவுக்கும் அதே தரத்துல வைக்கறேங்கறார். எனக்கு அதுலயும் பழைய போட்டிதான் தெரியுது. அன்னிக்கு காப்புலெட்டா நடிச்சவர் இப்ப ஷார்ஜாவுலதான் இருக்கார், அடுத்த மலர்ல அவர் பதில் எழுதணும், நாடக போட்டோ யார்கிட்டயாவது இருந்தா அதையும் சேத்து அனுப்புங்க.