வீட்டில் எத்தனை கை, வயலில் எத்தனை ஆள்?

விவசாயக் குடும்பத்தில் முதலாளியும் கூலியாளும் சாப்பிடும் வாயும் ஒரே ஆள். பொருளாதார மாடலோ அவரை இரண்டாகப் பிரிக்கிறது: கூலிச் சந்தை ஒழுங்காக இயங்கினால் வயலில் இறங்கும் ஆள் கணக்குக்கும் வீட்டு ஆள் கணக்குக்கும் சம்பந்தமே இருக்காதாம். குறைந்தால் கூலிக்கு ஆள் எடுக்கலாம், மிஞ்சினால் வெளி வேலைக்குப் போகலாம்.

1992இல் பொருளாதார ஆய்வாளர் டுவைன் பெஞ்சமின் இதை இந்தோனேசியாவின் ஜாவா தீவுத் தரவில் சோதித்தார், மாடலை நிராகரிக்க முடியவில்லை. (நிரூபணம் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. பலர் அப்படித்தான் பேசுகிறார்கள்!) 2016இல் லஃபேவ், தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அதே ஜாவாவில், அதே குடும்பங்களைத் திரும்பத் திரும்பக் கணக்கெடுத்த தரவில் பார்த்தார்கள். மாடல் நிற்கவில்லை. வீட்டில் வேலை செய்யும் வயதினர் கூடக்குறைய, வயல் உழைப்பும் மாறியது.

எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது. வெளியே வேலை கிடைக்காதவர் சும்மாவா உட்கார்ந்திருப்பார்? சொந்த வயலில் இன்னொரு தடவை களை எடுப்பார். அந்த உழைப்புக்குச் சந்தைக் கூலியைப் போட்டு 'நஷ்டம்' என்று எழுதுவதுதான் இடிக்கிறது.