ஏலப் படம் காசோடு போகட்டும்: நாணயப் புகைப்படத்தை மற்ற விற்பனையாளருக்குக் கொடுப்பது பற்றி

“அண்ணா, உங்க 1862 ரூபா போட்டோ ரொம்பத் தெளிவா இருக்கு. என்கிட்டயும் ஒண்ணு விற்பனைக்கு இருக்கு. உங்க படத்தை ஏலத்துல போட்டுக்கலாமா?”

நாணயக் குழுக்களில் இந்தக் கேள்வி வாரம் தவறாமல் வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் கேட்கிறார். கேட்காமல் எடுத்துக்கொள்பவர்களே அதிகம் என்பதால், கேட்டவரை மதிக்க வேண்டும். ஆனாலும் இதற்குப் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். அவரிடம் இருப்பது அதே வகைக் காசு, அதே காசு அல்ல.

மிக்சிக்கோ செருப்புக்கோ கம்பெனி கொடுத்த படத்தை நூறு கடைக்காரர்கள் போடலாம், வாங்குபவருக்கு நஷ்டமில்லை. பழைய காசு அப்படியில்லை. விக்டோரியா ராணியின் 1862 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். 1874 வரை அடித்த ரூபாய்களிலும் 1862 என்ற ஆண்டே இருக்கும். ராணியின் உருவத்தில் ஏ, பி என்றும், பின்புறத்தில் 1, 2 என்றும் வகைகள் உண்டு. பின்புறப் புள்ளிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் வைத்து இன்னும் பிரிப்பார்கள். சில புள்ளி வகைகள் சுலபமாகக் கிடைக்கும், சிலவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் பல மடங்கு கொடுப்பார்கள். உங்கள் படத்தில் இருக்கும் புள்ளி அவர் காசில் இல்லையென்றால், அவர் அறியாமலேயே வேறு பொருளை விற்றவர் ஆகிறார். ராஜராஜன் செப்புக் காசில் இது இன்னும் கூர்மை. கையால் அடித்த காசு என்பதால் உரு ஒன்றில் நடுவில் விழும், இன்னொன்றில் ஓரத்தில் வெட்டுப்படும். ஒன்றின் படத்தை இன்னொன்றுக்குப் போடவே முடியாது.

இப்படிக் கேட்பவருக்கு உண்மையில் வேண்டியது நல்ல படம். அதை எடுக்கும் வழியைச் சொல்லிக் கொடுப்பது நம் படத்தைக் கொடுப்பதைவிடப் பெரிய உதவி. கைபேசியே போதும். ஒரே நிறத்தில் எரியும் இரண்டு 9 வாட் எல்இடி பல்புகளை, கடிகாரத்தில் 10 மணியும் 2 மணியும் இருக்கும் திசைகளில் வைக்கச் சொல்லுங்கள். அறை விளக்கை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டு நிறம் கலந்து வெள்ளி மஞ்சளடிக்கும். கைபேசியை ஏதாவதொரு தாங்கியில் காசுக்கு நேர் மேலே, சுமார் 20 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தி, 2 மடங்கு ஜூம் வைத்து, 3 விநாடி டைமரில் எடுக்கலாம். கேமரா தானாக மேக்ரோவுக்கு மாறினால் அதை அணைக்க வேண்டும். மேக்ரோவில் கைபேசியை மிக அருகே கொண்டுபோக வேண்டியிருக்கும், கைபேசியின் நிழலே காசின் மேல் விழும், வட்டமும் கோணும். திரையில் காசின் மேல் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தால் வெள்ளியின் மேடுகள் வெளுத்துப் போகாது. தேய்ந்த செப்புக் காசுக்கு ஒரே விளக்கைத் தாழ்வாக, பக்கவாட்டிலிருந்து காட்டினால் எழுத்து எழும்பித் தெரியும். படம் பளிச்சென்று வர வேண்டும் என்று புளி போட்டோ விபூதி போட்டோ தேய்த்துவிட வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். போன மேற்பரப்பு திரும்ப வராது, விலையும் வராது.

சரி, எப்போது தாராளமாகக் கொடுக்கலாம்? முதலாவது, அந்தக் காசையே அவர் உங்களிடம் வாங்கிவிட்டார், இப்போது மறுபடி விற்கிறார். இங்கே நான் தயங்கவே மாட்டேன். பழைய ஏலப் படம் கூடவே போனால் அந்தக் காசுக்கு ஒரு வரலாறு சேர்கிறது. இன்ன ஆண்டு இன்ன ஏலத்தில் இருந்த காசு இதுதான் என்று காசில் உள்ள உருவத்தின் கன்னத்தில் இருக்கும் கீறலை வைத்து நிரூபிக்கலாம். ஆனால் நீங்கள் விற்ற பிறகு காசு மாறியிருக்கலாம். பிவிசி உறையில் கிடந்து பச்சை பிடித்திருக்கலாம், யாராவது தேய்த்திருக்கலாம். அதனால் உங்கள் படம் இரண்டாவது படமாக, எடுத்த தேதியோடு இருக்கட்டும். முதல் படம் அவர் இப்போது எடுத்ததாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, காசு உங்களிடமே இருக்கிறது, அவர் கமிஷனுக்கு விற்றுத் தருகிறார். இதில்தான் தகராறு அதிகம் வரும். ஒரே படம் மூன்று குழுக்களில் மூன்று பேர் பெயரில் ஓடும். ஒரே இரவில் இரண்டு பேர் பணம் அனுப்பிவிடுவார்கள். ஒரு காசை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் கொடுப்பதே நல்லது. பலருக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பணம் வாங்கும் முன் உங்களிடம் ‘இருக்கிறதா’ என்று கேட்டு உறுதி செய்த பிறகே வாங்க வேண்டும் என்று எழுத்தில் வையுங்கள். படத்தில் இருப்பது போல் காசு இல்லை என்று வாங்கியவர் திருப்பி அனுப்பினால் தபால் செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும்.

மூன்றாவது, குடியரசு இந்தியாவின் புதுக் காசுகள் மொத்தமாக, பையோடு வரும்போது. இங்கே மாதிரிப் படம் போடுவதில் தப்பில்லை, ‘மாதிரிப் படம்’ என்று தலைப்பிலேயே எழுதினால். எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் குறி மட்டும் பொருந்த வேண்டும். ஆண்டுக்குக் கீழே மும்பைக்கு வைரம், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்கு எதுவும் இல்லை. வைரம் தெரியும் படத்தைப் போட்டு நட்சத்திரம் அனுப்பினால் அது மாதிரி ஆகாது. ஈபே போன்ற தளங்கள் புதிதல்லாத பொருளுக்குப் பொதுப் படம் போடுவதை அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

உரிமை யாருடையது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. காசு என்னுடையது, எனவே படமும் என்னுடையது என்று பலர் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். நீங்கள் கூலி கொடுத்து ஸ்டுடியோக்காரரை எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை உங்களுக்கு. ஏல நிறுவனத்திடம் காசைக் கொடுத்து, அவர்களே படம் பிடித்து அட்டவணையில் போட்டிருந்தால், அந்தப் படத்தைப் பிறருக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது. காசைத் திரும்ப வாங்கி வந்தாலும் படம் கூடவே வராது. பழைய காசின் உருவுக்கே உரிமை இல்லாதபோது படத்துக்கு எப்படி என்று வாதாடுபவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1999இல் வந்த ஒரு தீர்ப்பு, பழைய ஓவியங்களை அப்படியே நகலெடுத்த படங்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்றது. ஆனால் அது தட்டையான ஓவியங்களைப் பற்றியது. காசில் மேடு பள்ளம் இருக்கிறது, விளக்கை எங்கே வைப்பது என்பது எடுப்பவரின் தேர்வு. இலவசப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ்கூட பழங்காசின் படத்துக்குப் படம் எடுத்தவரின் அனுமதியைக் கேட்பது இதனால்தான்.

அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் ‘போட்டுக்கோ தம்பி’ என்று சொல்லிவிட்டால் எதற்கு, எவ்வளவு நாள் என்று யாருக்கும் தெரியாது. எழுதும்போதும் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்று எடுத்துக்கொள்ளும். மின்னஞ்சலில் இப்படி நாலு வரி எழுதினால் போதும் (லாட் எண் என்பது விற்பனைக்காக அந்தக் காசுக்கு இடும் அடையாள எண்):

“லாட் 214, விக்டோரியா 1 ரூபாய் 1862, எடை 11.58 கிராம். இந்த ஒரு காசை விற்க மட்டும் இத்துடன் உள்ள படத்தை உங்கள் இணையக் கடையிலும் முகநூல் பக்கத்திலும் 6 மாதம் பயன்படுத்தலாம். அளவைச் சுருக்கலாம். நிறத்தை மாற்றவோ, இரு பக்கங்களைப் பிரிக்கவோ, வேறு காசுக்குப் போடவோ, இன்னொருவருக்குக் கொடுக்கவோ கூடாது. விற்றதும் ‘விற்றது’ என்று குறிக்க வேண்டும்.”

விற்ற பதிவை அழிக்கச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் வருபவர்களுக்கு அதுதான் விலைச் சான்று. எடையைக் கட்டாயம் எழுதுங்கள். ரூபாயின் அடிப்படை எடை 11.66 கிராம். தேய்மானத்தில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருக்கும் என்பதால், இரண்டாம் தசமம் வரை எழுதிய எடை காசைப் படத்தோடு கட்டிவிடுகிறது.

யாரும் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை விற்பனைப் படங்களுக்குப் போட வேண்டாம் என்பதே என் எண்ணம். ‘வணிகம் கூடாது’ வகையைப் போட்டால் விற்பனையாளருக்குப் பயனில்லை. வணிகத்தை அனுமதிக்கும் வகையைப் போட்டால் யார் வேண்டுமானாலும் எந்தக் காசுக்கும் போடலாம், ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பெறவும் முடியாது. வகைகளை விளக்கும் படங்கள், புள்ளியின் நெருக்கப் படங்கள் போன்றவற்றுக்கு அதே உரிமம் அருமையானது. அவற்றை ஊருக்கே கொடுங்கள்.

இனி கோப்பு. தலைப்பக்கம், பூப்பக்கம் இரண்டையும் ஒரே படமாக ஒட்டிக் கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் ஒரு காசின் தலையும் இன்னொன்றின் பூவும் சேர்ந்துவிடும். வேண்டுமென்றே செய்யாவிட்டாலும், இருபது காசுகளை ஒரே நாளில் ஏற்றுபவர் கையில் இது நடக்கும். லாட் எண்ணை இரண்டு வட்டங்களுக்கும் நடுவே, ஓரங்களைத் தொட்டும் தொடாமலும் எழுதுங்கள். மூலையில் எழுதினால் வெட்டி எடுத்துவிடுவார்கள். ராணியின் முகத்தின் மேல் குறுக்கே எழுதினால் வாங்குபவர் பார்க்க வேண்டிய கன்னம், கூந்தல் எல்லாம் மறைந்து படத்தின் நோக்கமே போய்விடும். உங்கள் கடைப் பெயர் இருக்க வேண்டாம் என்று அவர் கேட்டால் விட்டுக்கொடுக்கலாம், லாட் எண்ணை விடக் கூடாது.

அளவு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ரூபாயின் விட்டம் சுமார் 30.5 மில்லிமீட்டர். படத்தில் காசின் குறுக்களவு 450 பிக்சல் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 15 பிக்சல்கூட வராது. 0.2 மில்லிமீட்டர் கீறல் மூன்று பிக்சலில் மங்கிவிடும். 1440 பிக்சல் என்றால் அதே கீறலுக்கு ஒன்பது பிக்சல் கிடைக்கும், பார்ப்பவருக்குத் தெரியும். அதனால் ஒட்டிய படம் 3000 பிக்சல் அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். முழு அளவு மூலக்கோப்பை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். தகராறு வந்தால் அதுதான் உங்கள் சாட்சி.

அனுப்பும் முன் இருப்பிடத் தகவலை அழியுங்கள். கைபேசிப் படத்துக்குள் எக்ஸிஃப் என்ற மறைகுறிப்பில் எடுத்த இடம் பதிவாகியிருக்கும். வெள்ளியும் தங்கமும் வைத்திருக்கும் வீட்டின் முகவரியைப் படத்தோடு ஊரெல்லாம் அனுப்புவது போல் ஆகிவிடும். அதே மறைகுறிப்பில் ஆசிரியர் பெயர், உரிமை அறிவிப்பு ஆகியவற்றை எழுதி வைக்கலாம். எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரல் இரண்டையும் செய்யும். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் மறைகுறிப்பு போய்விடும், படமும் நசுங்கும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் இரண்டும் அப்படியே போகும்.

ஸ்லாபில், அதாவது தரம் பார்க்கும் நிறுவனம் மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில், இருக்கும் காசு என்றால் சான்றிதழ் எண்ணையும் கவனியுங்கள். என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற அந்த நிறுவனங்களின் எண்களைப் படத்திலிருந்து பார்த்துப் போலி லேபிளில் அச்சடிப்பவர்கள் இருக்கிறார்கள். பொதுவில் போகும் படத்தில் கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்துவிட்டு, வாங்க வருபவருக்கு மட்டும் முழு எண்ணைக் கொடுக்கச் சொல்லலாம்.

வெளிநாட்டு விற்பனையாளர் கேட்டால் ஒரு கணம் நில்லுங்கள். 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த காசும் தொல்பொருள். அதைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. காசு உங்கள் பெட்டியில் இருக்க, படம் மட்டும் லண்டன் விற்பனையாளர் பக்கத்தில் ஓடினால், விற்றதும் அது எப்படிப் போகும்? அந்தச் சங்கடத்தில் மாட்டுவதைவிட அனுமதி மறுப்பதே மேல்.

கேட்காமல் எடுத்தவர்களைக் கண்டுபிடிக்க கூகுள் லென்ஸில் தலைப்பக்கப் படத்தை மட்டும் வெட்டிப் போட்டுத் தேடுங்கள். ஒட்டிய படத்தைவிட இதில் அதிகம் சிக்கும். கண்டதும் முதலில் செய்ய வேண்டியது, பக்கத்தின் முகவரி, விற்பவரின் கணக்குப் பெயர், தேதி தெரியத் திரையைப் படம்பிடித்து வைப்பது. தகவல் போனதும் அவர்கள் அழித்துவிடுவார்கள். பிறகு அந்தக் காசின் பக்கத்தில் இன்றைய தேதி எழுதிய சீட்டை வைத்து ஒரு படம் அனுப்பும்படி கேளுங்கள். காசு கையில் இருப்பவர் ஐந்து நிமிடத்தில் அனுப்புவார், இல்லாதவர் பேச்சை மாற்றுவார். மாற்றினால் தளத்தின் உரிமை மீறல் படிவத்தில் புகார் செய்யுங்கள். ஈபேயில் இதற்கு வெரோ என்ற ஏற்பாடு இருக்கிறது.

‘வைஷ்ணோ தேவி உருவம் போட்ட 5 ரூபாய்க் காசு இருந்தால் லட்சக்கணக்கில் தருகிறோம்’ வகை விளம்பரத்தில் உங்கள் படம் இருந்தால் தாமதிக்கவே கூடாது. பழைய காசு வாங்குவதாகச் சொல்லி ரிசர்வ் வங்கியின் பெயரிலும் சின்னத்திலும் கட்டணமும் கமிஷனும் கேட்கும் மோசடி பற்றி, 2021 ஆகஸ்டில் வங்கியே எச்சரிக்கை விட்டிருக்கிறது. அப்படிப்பட்ட விளம்பரத்தைத் தளத்தில் மட்டுமல்லாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-லும் பதிவு செய்யுங்கள். உங்கள் குழுவிலும், காசு உங்களிடம்தான் இருக்கிறது என்று லாட் எண்ணோடு அன்றே எழுதிவிடுங்கள்.