சீட்டில் வந்த சிஸ்டர்

தொண்ணூறுகளின் கடைசியில் நம் பள்ளியில் படித்த யாருக்கும் அடுக்களை சிஸ்டரை மறந்திருக்காது. பாடம் நடத்திய சிஸ்டர்களைப் பற்றி நம் பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலரில் ஏற்கெனவே பலர் எழுதியிருக்கிறார்கள். பாடமே நடத்தாத ஒருவரைப் பற்றி நான் எழுதுகிறேன்.

போர்டிங் பிள்ளைகளுக்கு மூன்று நேரமும் அவர் சமையல்தான். களியக்காவிளைப் பக்கமிருந்து நடந்தும் பஸ்ஸிலும் வந்த எங்களில் சிலருக்கும் மதியக் கஞ்சி அங்கேதான். கஞ்சி, பயறு, சில நாள் மரச்சீனி. அவர் ஊர் பாறசாலைக்கு அப்பால். பேச்சு முக்கால்வாசி மலையாளம். கோபம் வந்தால் முழுக்க மலையாளம். வரிசை கலைந்தால் அகப்பையால் அண்டாவின் விளிம்பில் ஒரு தட்டு தட்டுவார், அவ்வளவுதான், நூறு பிள்ளைகளும் சிலையாகிவிடுவோம்.

1998 பிப்ரவரி 2, திங்கட்கிழமை. குழந்தை இயேசுவைக் கோவிலில் காணிக்கையாகக் கொடுத்த திருநாள். நம் ஊரில் மெழுகுதிரி மந்திரிக்கும் நாள் என்று சொன்னால்தான் தெரியும். அந்த நாளைத் துறவறத்தாருக்கான உலக நாளாகக் கொண்டாட வேண்டும் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதற்கு முந்தைய வருடம்தான், 1997-இல், தொடங்கிவைத்திருந்தார். காலை அசெம்பிளியில் மதர் அதைச் சொல்லிவிட்டு, "நாங்கள் உங்களுக்காகத் தினமும் செபிக்கிறோம். எங்களுக்காகச் செபிக்க யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். பிறகு ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பிஸ்கட் டப்பா வந்தது. உள்ளே சீட்டுகள். மடத்தில் அப்போது 14 சிஸ்டர்கள். ஒரு சிஸ்டருக்கு மூன்று பிள்ளைகள் வீதம் ஒரு வருடம் செபிக்க வேண்டும். என்ன தேவைக்காக என்பதை அந்தந்த சிஸ்டரே தன் கையால் எழுதியிருந்தார்.

எனக்கு ஆங்கில சிஸ்டர் வர வேண்டும் என்று ஆசை. பிரித்தால் உள்ளே மலையாள எழுத்து. ஒரு எழுத்தும் புரியவில்லை, ஆனால் யாருடையது என்று உடனே தெரிந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது.

வீட்டில் பாட்டியிடம் கொடுத்தேன். பாட்டி திருவிதாங்கூர் காலத்துப் படிப்பு. 1956 நவம்பரில் நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பே பள்ளியை முடித்தவர் என்பதால் மலையாளம் வாசிப்பார். முளகுமூட்டில் லேஸ் பின்னவும் கற்றவர். 1897-இல் பெல்ஜியத்திலிருந்து அங்கே வந்து, அனாதைப் பிள்ளைகளோடு இருந்து ஒரு சபையையே தொடங்கிய மதர் மரி லூயிஸ் டி மேஸ்டரைப் பற்றி, நேரில் பார்த்ததுபோல் கதை சொல்வார். அந்தப் பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டை வாசித்தார்.

"தேஷ்யம் வராதிரிக்கான்."

கோபம் வராமல் இருக்க. அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழிக்கும் அதே சிஸ்டர்தான் விழுந்திருந்தார். அவள் இந்து. அவளும் சீட்டைக் கொண்டுவந்து பாட்டியிடம் காட்டினாள், அதே வார்த்தை. "எங்க வீட்ல விளக்கு வைக்கும்போது சொன்னா போதுமா பாட்டி?" என்று கேட்டாள். "தாராளமா சொல்லு மக்களே" என்றார் பாட்டி. அவள் ஒரு நாள்கூட விடவில்லை. நான் விட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து எங்கள் குடும்ப செபத்தில், செபமாலை முடிந்ததும் அடுக்களை சிஸ்டருக்காக ஒரு அருள்நிறை மரியே. கோபம் ஒரு குணம், அது சிலரோடு பிறப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அங்கி போட்ட ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், அதை ஒவ்வொரு நாளும் ஜெயிக்கப் பார்க்கிறார், முடியாமல் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் உதவி கேட்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று துறவிகள் கடவுளுக்குக் கொடுக்கும் மூன்று வார்த்தைப்பாடுகளை மறைக்கல்வியில் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறோம். ஏழ்மை என்றால், பள்ளிச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டாலும் பணம் மடத்தின் பொதுக் கணக்குக்குப் போய்விடும், ஊருக்குப் போகும் பஸ் காசைக்கூட மதரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கீழ்ப்படிதல் என்றால், படிக்க ஆசைப்பட்டவரை அடுப்படிக்கு அனுப்பினால் அடுப்படிக்குப் போக வேண்டும். அடுக்களை சிஸ்டர் படிக்க ஆசைப்பட்டவர் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

அந்த ஐப்பசி மழையில் ஒரு நாள். ரப்பர் விறகு நனைந்து அடுக்களை முழுக்கப் புகை. பயறுச் சட்டியைத் தூக்கி வந்த நான் வழுக்கி, முழுவதையும் தரையில் கொட்டிவிட்டேன். சிஸ்டர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அடுப்புக்கு மேலே கரி படிந்த ஒரு படம் உண்டு, ஒல்லூர் மடத்து எவுப்ராசியம்மாவுடையது. 'பிரார்த்திக்குந்ந அம்மா' என்று அந்த ஊர்க்காரர்கள் அழைத்த கர்மேல் சபைக் கன்னிகை. அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். கொஞ்ச நேரம் விறகு பிளக்கும் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்து, "போய் கை கழுகு மோளே" என்றார்.

என் செபம் பலித்துவிட்டது என்று அன்று எனக்குப் பெருமை. அந்த விறகுச் சத்தம் என்ன என்பது, நானே நர்ஸாகி, பன்னிரண்டு மணி நேர டூட்டியின் கடைசியில் ஒரு நோயாளியிடம் கத்தப்போன நாளில்தான் புரிந்தது.

நடுவில் பல வருடங்கள் நான் அந்தச் செபத்தை விட்டுவிட்டேன். படிப்பு, கல்யாணம், மஸ்கட். 2014 நவம்பர் 23-ஆம் தேதி எவுப்ராசியம்மாவைப் புனிதராக அறிவித்ததை டிவியில் பார்த்தபோது எனக்கு அந்தக் கரிப்படம்தான் ஞாபகம் வந்தது. அடுத்த ஞாயிறே திருத்தந்தை பிரான்சிஸ், அவரும் இயேசு சபைத் துறவி, அறிவித்திருந்த துறவறத்தாருக்கான சிறப்பு ஆண்டு தொடங்கியது. அது 2016 பிப்ரவரி 2 வரை நடந்தது. மஸ்கட்டில் ரூவி கோவிலில் உட்கார்ந்து பழைய செபத்தைத் திரும்ப எடுத்தேன்.

போன விடுமுறையில் மடத்துக்குப் போனேன். பதினான்கு பேர் இருந்த இடத்தில் இப்போது ஐந்து பேர். போர்டிங் இல்லை. ஒன்றிரண்டு பிள்ளைகள் உள்ள வீடுகளிலிருந்து யார் வருவார்கள் என்று இளைய சிஸ்டர் கேட்டார், குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். வயதானவர்களை வேறு ஊரில் ஒரு வீட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். அங்கேயும் போனேன். அடுக்களை சிஸ்டருக்குக் காது மந்தம், முட்டு இரண்டும் போய்விட்டது. ஆனால் இரவு மன்றாட்டில், கோவிலில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய சிமியோனின் பாடலுக்கு வந்ததும் குரல் அப்படியே பழைய குரல்.

நம் சங்கத்தில் இருப்பவர்களிடம் எனக்குக் கேட்க ஒன்றுதான் உண்டு. கட்டடத்துக்கு நிதி கொடுத்தோம், கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தோம், எல்லாம் நல்லது. ஆளுக்கு ஒரு சிஸ்டரை, அல்லது உங்களுக்குத் தெரிந்த ஒரு பிரதரை, பெயர் சொல்லிச் செபத்தில் வையுங்கள். "எல்லா துறவிகளுக்காகவும்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். முடிந்தால் போன் போட்டு என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். நம்மை அவர்கள் பெயர் சொல்லித்தான் செபித்தார்கள்.

நானும் அன்று கேட்டேன். காதருகே குனிந்து, "சிஸ்டர், இன்னும் கோபத்துக்காகத்தான் செபிக்கிறேன்" என்றேன். சிரித்தார்.

"தேஷ்யமொக்கெ போயி மோளே. உறக்கமாணு இல்லாத்தது. உறக்கத்தினு வேண்டி சொல்லு."

இப்போது அவருடைய தூக்கத்துக்காகச் செபிக்கிறேன். நைட் டூட்டியில் இரண்டு மணிக்கு வார்டு அடங்கும். இங்கே இரண்டு என்றால் அங்கே மூன்றரை. மருந்து வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு அருள்நிறை மரியே சொல்கிறேன், அவர் தூங்கியிருக்க வேண்டும் என்று.